பொருத்தனைத் தாடி

என் வீட்டுக் கூடத்தில், கை கழுவும் தொட்டிக்கு மேலே, ஓர் ஆணியில் வட்டக் கண்ணாடி ஒன்று தொங்குகிறது. சுற்றியிருக்கும் சிவப்பு பிளாஸ்டிக் விளிம்பு வெளுத்துப்போய்விட்டது. பின்பக்கம் ஒட்டியிருந்த மாதா படத்தில் நீல முக்காடு மட்டும்தான் மிச்சம், முகம் ஈரத்தில் உரிந்துவிட்டது. வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் வாங்கிய கண்ணாடி அது. வாங்கியவர் என் அக்கா வீட்டுக்காரர். தாடி எடுத்த கையோடு தன் முகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக வாங்கினார். அவரும் போய்விட்டார், அக்காவும் போய்விட்டாள், கண்ணாடி மட்டும் என்னிடம் வந்து சேர்ந்தது. தினமும் அதில் பார்த்துத்தான் முகம் மழிக்கிறேன். அழகுக்காக இல்லை. என் முகத்தை அருகில் வந்து பார்க்க இந்த வீட்டில் யாருமில்லை. நான் வேலை செய்யும் கெமிக்கல் கம்பெனியில், முந்தைய நாள் முளைத்த மயிர் இருந்தாலும் பிளாண்டுக்குள் விடமாட்டார்கள். கேஸ் மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் அது மாஸ்க். இடையில் மயிர் இருந்தால் சந்து விழும், அந்தச் சந்து வழியாக விஷக்காற்று உள்ளே வரும்.

சிதம்பரத்தில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம். கடலூர் சிப்காட்டுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். சிப்காட்டை ஒட்டிய குடிகாடு நெருங்கும்போது பஸ்ஸில் இருப்பவர்கள் ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்துவார்கள். பெண்கள் முந்தானையால் மூக்கை மூடுவார்கள். எனக்கு எந்த வாடையும் தெரிவதில்லை. பல வருஷமாக அதே காற்றில் நின்ற மூக்கு, பழகிப்போய்விட்டது. மற்றவர்கள் மூக்கைப் பொத்துவதைப் பார்த்துத்தான், இறங்கும் இடம் வந்துவிட்டது என்று எழுந்து நிற்பேன். இப்படி எழுந்து நிற்கும்போதெல்லாம் மச்சான் ஞாபகம் வரும். அக்கா வீட்டுக்காரரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை மாப்ள என்பார்.

குடிகாட்டில்தான் அவர் வீடு. கம்பெனிச் சுவரிலிருந்து பார்த்தால் அக்கா காயப்போட்ட புடவை தெரியும். நான் ஐ.டி.ஐ. முடித்து நிரந்தர ஆபரேட்டராகச் சேர்ந்தவன், அவர் எனக்கு முன்பே அங்கே காண்ட்ராக்ட்டில் இருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே வாசல், ஒரே காற்று, ஆனால் சட்டை வேறு நிறம். எனக்கு அளவெடுத்த மாஸ்க் தருவார்கள். காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கூடையில் கிடப்பதில் எது சும்மா இருக்கிறதோ அது. முந்தைய ஷிஃப்டில் போட்டவனின் வியர்வை அதில் காய்ந்திருக்கும். "யாரு போட்டா என்ன, மூஞ்சிதான மாப்ள" என்று சொல்லி மாட்டிக்கொள்வார். சத்தமாகச் சிரிக்கிற மனிதர். பூசையில் பாடும்போது பாடகர் குழுவையே அமுக்கிவிடும் குரல் அவருக்கு. அவருக்கு நல்ல நெஞ்சு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

குறை என்று இருந்தது ஒன்றுதான். அக்காவுக்கு இரண்டு முறை கரு கலைந்தது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவள் யாரிடமும் பேசாமல் சமையலறையிலேயே கிடந்தாள். மூன்றாவது முறை தங்கியதும் மச்சான் வேளாங்கண்ணி மாதாவுக்குப் பொருத்தனை வைத்தார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, தன் சொந்தக் காலால் நடந்து மாதாவின் பீடத்துக்கு முன்னால் வந்து நிற்கும்வரை என் முகத்தில் கத்தி படாது, இதுதான் வேண்டுதல். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. மாதாவுக்குக் காவி கட்டி நடப்பவர்களும் தாடி வளர்ப்பார்கள், ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களும் வளர்ப்பார்கள். ஆனால் அவர்கள் தாடிக்கெல்லாம் ஒரு திருவிழாத் தேதி உண்டு. மச்சானின் தாடிக்குத் தேதியைக் குறிக்க வேண்டியது இன்னும் பிறக்காத ஒரு குழந்தை.

தாடி கொஞ்சம் இறங்கிய சமயத்தில்தான் கம்பெனிக்குப் புது சேஃப்டி ஆபீசர் வந்தார். வடக்கே எங்கேயோ வேலை பார்த்துவிட்டு வந்தவர், விஷயம் தெரிந்தவர். முதல் வாரமே தாடி வைத்த யாரும் பிளாண்டுக்குள் போகக் கூடாது என்றார். சரியான விதி, நான் குறை சொல்லமாட்டேன். மச்சானைக் கேட்டில் நிறுத்தினார்கள். அவர் பொருத்தனை என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். அதற்குப் பிறகு அவரை மழிக்கச் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. காண்ட்ராக்டரே அப்போது மாலை போட்டு, கறுப்பு வேட்டியோடு, தாடியோடு நின்றுகொண்டிருந்தார். "சாமி காரியம் சார், அதுல நாம கை வெக்கக் கூடாது" என்று ஆபீசரிடம் இவருக்காகப் பேசியவர் அவர்தான். ஆபீசரும் கொஞ்சம் யோசித்துவிட்டு, மாஸ்க் தேவைப்படாத இடத்தில் போடுங்கள் என்றார். மாஸ்க் தேவைப்படாத இடம் என்று தாளில் இருந்தது பேரல் யார்டு. திறந்தவெளி, மேலே ஆகாயம், நல்ல காற்று. வேலையும் போகவில்லை, பொருத்தனையும் கெடவில்லை. அன்றைக்கு மச்சான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன்.

பேரல் யார்டு என்பது காலியான பீப்பாய்களைக் கழுவும் இடம். காலி என்று சொல்கிறோமே தவிர, ஒவ்வொரு பேரலின் அடியிலும் கொஞ்சம் தங்கியிருக்கும். முன்பு எதை நிரப்பியிருந்தார்கள் என்று எழுதிய சீட்டு பாதி பேரல்களில் கிழிந்திருக்கும். மூடியைத் திருகித் திறந்து, ஹோஸ் பைப்பை உள்ளே விட்டு, முகத்தை அருகில் வைத்துப் பார்த்து, உருட்டிக் கவிழ்க்க வேண்டும். ஆகாயம் மேலே இருந்து என்ன பயன், மனிதன் மூச்சு விடுவது பேரலின் வாய்க்கு நேராக. மார்கழிக் காலையில் பனி இறங்கி நிற்கும்போது வாடை மேலே போகாது, அங்கேயே இடுப்பளவுக்குப் படுத்துக்கிடக்கும். வெயில் காலத்தில் பேரலே சூடாகி, மூடியைத் தளர்த்தியதும் சீறும். மச்சான் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொள்வார். வேலை முடிந்ததும் அங்கே இருந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுப்பார்கள். வாழைப்பழம் தின்றால் கெமிக்கல் வயிற்றோடு இறங்கிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். நெஞ்சுக்குப் போனது வயிற்று வழியாக எப்படி இறங்கும் என்று யாரும் கேட்கவில்லை, பழம் நன்றாக இருந்தது.

எனக்கு மட்டும் ஒப்பவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து மச்சானோடு சண்டை போட்டேன், பங்குச்சாமியாரிடமே போய்க் கேட்டேன். அவர் நல்ல மனிதர். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள், தாடிக்குப் பதிலாக வேறு ஒரு காணிக்கை செய்யலாம், நானே வந்து சொல்கிறேன் என்றார். சந்தோஷமாக ஓடிப்போய் மச்சானிடம் சொன்னேன். அவர் துண்டைப் பிழிந்துகொண்டே, "சாமியாருக்கென்னடா, புள்ளையா குட்டியா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ரெண்டு போயிருக்குது மாப்ள. இத நான் மழிச்சிட்டு வந்து நின்னு, நாளைக்கி உங்கக்காவுக்கு எதனா ஆச்சின்னா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு அவளப் பாக்கறது?" என்றார்.

பெண் பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்து, ஞானஸ்நானப் பெயரை எல்லோரும் மறந்துபோனோம். இனி அவள் நடக்க வேண்டியதுதான் பாக்கி. பெண் பிள்ளை சீக்கிரம் நடந்துவிடும் என்பார்கள். பாப்பா நடக்கவில்லை. தவழ்வாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி ஆணையிடுவாள், உடனே எங்களில் ஒருவர் தூக்கிவிடுவார். அப்படி ஏங்கிப் பெற்ற பிள்ளையை அழவிட அந்த வீட்டில் யாருக்குத்தான் மனசு வரும். முதல் பிறந்தநாள் வந்து போனது, அடுத்த மழைக்காலமும் வந்து போனது. டாக்டர் ஒன்றுமில்லை, சில பிள்ளைகள் மெதுவாக நடக்கும் என்றார். நடைவண்டி வாங்கினோம், அதைக் கவிழ்த்துப் போட்டு உருளையைச் சுழற்றி விளையாடினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கொண்டுபோய், ஈர மணலில் குழி தோண்டி முழங்கால்வரை புதைத்து நிற்க வைப்பார் மச்சான். அப்படிச் செய்தால் கால் உறுதிப்படும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் மணலுக்குள் நின்று அலையைப் பார்த்துச் சிரிப்பாள், அவர் எதிரே மண்டியிட்டு, வா வா என்று கையைத் தட்டுவார். அப்போதே அவருக்கு இருமல் தொடங்கியிருந்தது. தட்டிக்கொண்டே இருப்பார், நடுவில் திரும்பிக்கொண்டு இருமிவிட்டு, மறுபடி தட்டுவார். தாடி நெஞ்சுவரை இறங்கியிருந்தது. அவள் நடக்காத ஒவ்வொரு மாதமும் அவருக்குப் பேரல் யார்டில் ஒரு மாதம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவன் நான் ஒருவன்தான். திறந்தவெளி வேலைதானே என்று அக்கா நம்பிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல வேண்டாம் என்று மச்சான் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் ஏதோ ஒரு பேரலில் தண்ணீர் விட்டதும் வெள்ளையாகப் புகை கிளம்பியது. சீட்டு கிழிந்த பேரல், எது என்று கடைசிவரை தெரியவில்லை. ஈரத்துண்டு அதற்கு என்ன செய்யும்? கண் திறக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், ஓய்வெடு என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று தலையணையை முதுகுக்கு வைத்துக் கட்டிலில் உட்கார வைத்தோம், படுத்தால் மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது. பாப்பா எதிர்ச்சுவர் ஓரமாக உட்கார்ந்து வழக்கம்போல் கையை நீட்டினாள். அவர் எழ முயன்றார், முடியவில்லை. அக்கா அடுப்படியில் இருந்தாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தூக்க ஆள் வரவில்லை என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, சுவரை விட்டுவிட்டு, நேராகக் கட்டிலுக்கு நடந்து வந்து அவர் வேட்டியைப் பிடித்தாள். மச்சானுக்குச் சத்தமாகச் சிரிக்க மூச்சு இல்லை. வாயைத் திறந்து, சத்தமே வராமல் சிரித்தார். கண்ணிலிருந்து வழிந்தது தாடிக்குள் போய்க்கொண்டிருந்தது.

அவர் கொஞ்சம் தேறியதும் வேளாங்கண்ணிக்குப் போனோம். நடந்துதான் போகவேண்டும் என்று நினைத்திருந்தவர், பஸ்ஸில் வந்தார். பீடத்துக்கு முன்னால் பாப்பா தன் காலால் போய் நின்றாள். வெளியே வந்து, மழிப்பதற்கு முன்னால், ஸ்டுடியோவில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். நெஞ்சுவரை தாடி, பக்கத்தில் யார் கையையும் பிடிக்காமல் பாப்பா. பிறகு இரண்டு பேருக்கும் முடி இறக்கினார்கள். மழித்த முகத்தோடு அவர் திரும்பி, வா என்று கூப்பிட்டார். அவள் அவரைத் தாடியில்லாமல் பார்த்ததே இல்லை. யாரோ என்று நினைத்து வீறிட்டு அழுது அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அவரிடம் வரவில்லை. "நல்லா இருக்குதே கத. உனக்காகத்தான்டி வளத்தேன்" என்று அவளைச் சீண்டிக்கொண்டு வந்தார். கையில் இந்தக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். அவருக்கே அந்த முகம் புதிதாக இருந்தது.

மழித்த முகத்தோடு கம்பெனிக்குப் போனார். மாஸ்க் இப்போது ஒழுங்காக ஒட்டியது, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு மூச்சை இழுக்க நெஞ்சில் வலு இல்லை. கொஞ்ச நாள் கேட்டில் உட்கார வைத்தார்கள், காண்ட்ராக்ட் மாறியபோது புது காண்ட்ராக்டர் வேறு ஆட்களைக் கூட்டிவந்தார், அதோடு இவர் வேலை போனது. அதன் பிறகு கோயிலில் அவர் பாடவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார், ஏறமாட்டார். பாப்பா பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு நாள், புகை பிடித்தால் நுரையீரல் கெடும் என்று படித்துவிட்டு வந்து, "நீ பீடி குடிப்பியாப்பா, அதான் இப்டி இழுக்குதா?" என்று கேட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாழ்க்கையில் பீடியைத் தொடாத மனிதர் ஒரு நிமிஷம் யோசித்தார். "ஆமாம்மா, ஒரு காலத்துல. ஜாஸ்தி குடிச்சிட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார், வாயைத் திறக்காதே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். வாசலுக்கு வந்ததும் சொன்னார்: "அவ லேட்டா நடந்ததாலன்னு என்னிக்கின்னா அவளுக்குத் தோணிடுச்சின்னா? அது புள்ள தலையில ஏறக்கூடாது மாப்ள. பீடின்னே இருக்கட்டும்."

பீடி என்றே இருந்தது. பாப்பா வளர வளர அந்தப் பீடியின் மேல் கோபமும் வளர்ந்தது. அக்கா சர்க்கரை முற்றி இறந்தபோது, இருக்கிற அப்பாவையும் பீடி தின்றுவிட்டது என்ற ஆத்திரம் அவளுக்கு. அவர் இருமும்போதெல்லாம் திட்டுவாள். ஒரு நாள் அழுதுகொண்டே, "எனக்காக அத ஒண்ண உட்டிருக்கக் கூடாதா நீ?" என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, தப்புதாம்மா என்றார். நான் எழுந்து தெருவுக்குப் போய்விட்டேன். போன வருஷம் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பீடி சிகரெட் உண்டா என்று நர்ஸ் கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள், "உண்டு சிஸ்டர், ரொம்ப வருஷமா" என்று பாப்பா சொன்னாள். ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அது முகத்தில் நன்றாக ஒட்டியிருந்தது. அங்கிருந்து அவர் வீடு திரும்பவில்லை.

யார் மேல் கோபப்படுவது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். விதி போட்ட ஆபீசர் சரியாகத்தான் போட்டார். காண்ட்ராக்டர் இரக்கத்தோடுதான் பேசினார். சாமியார் விட்டுக்கொடுத்தார். மாதாவிடம் கேட்டதை மாதா கொடுத்தாள். ஒருவர் மேல் ஒருவர் மரியாதை வைத்து, எல்லோருமாகச் சேர்ந்து அவரைப் பேரலின் வாய்க்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். இதைச் சொல்லி அழக்கூட எனக்கு ஆளில்லை. சொல்ல வேண்டிய ஒரே ஆளிடம் சொல்லக்கூடாது என்பதுதான் வாக்கு.

பாப்பா இப்போது சிதம்பரத்திலேயே நர்சிங் படிக்கிறாள். ஹாஸ்டல், லீவு கிடைத்தால் என் வீட்டுக்கு வருவாள். சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். எனக்கு மதிய ஷிஃப்ட். கண்ணாடி முன்னால் நின்று மழித்துக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே, எதிர்ச்சுவரில், வேளாங்கண்ணியில் எடுத்த அந்தப் போட்டோ. இரண்டும் கண்ணாடியில் தெரிந்தன.

"ஞாயித்துக்கெழமகூட ஏன் மாமா இப்டி இழைக்கிறீங்க? பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"டூட்டி இருக்குது பாப்பா. மயிரு இருந்தா மாஸ்க் ஒட்டாது, சந்துல காத்து பூந்துடும். தாடி வச்சவன உள்ளயே உட மாட்டாங்க."

தினமும் கம்பெனியில் புது ஆட்களுக்குச் சொல்கிற வார்த்தை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. முறுக்கு கடிபடும் சத்தம் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் திரும்பி போட்டோவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து பார்த்த படம்தான். நீ உன் காலால நடந்து போய் மாதா முன்னால நின்னவ, அதுவரைக்கும் அப்பா தாடி எடுக்கல என்று பெருமையாகச் சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தோம்.

"இந்தத் தாடி வச்சிருந்தப்ப அப்பா எங்க மாமா வேல பாத்தாரு?"

"வெளிய, யார்டுல. பேரல் கழுவற எடம்."

"மாஸ்க்கு?"

"துண்டு கட்டிக்குவாரு."

கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்தாள். பிறகு படத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டாள்.

"நான் எப்ப மாமா நடந்தேன்?"

"நீயா? நீ சீக்கிரமே நடந்துட்ட பாப்பா."

அவள் எழுந்துபோய், துப்பட்டாவால் போட்டோவைத் துடைத்தாள். அதில் தூசி இல்லை, காலையில்தான் நான் துடைத்திருந்தேன். பிறகு தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வரேன் மாமா என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் பீடிப் பேச்சை எடுக்கவேயில்லை. நானும் எடுக்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும், அது எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் ஹாஸ்டலில் தனியாக, நான் இங்கே தனியாக.

அன்றைக்கு அவள் போனபின் கண்ணாடியைப் பார்த்தால், பாதி முகத்தில் நுரை காய்ந்து கிடந்தது. தண்ணீர் தொட்டு மறுபடி நுரை போட்டு, மிச்சத்தை மழித்துவிட்டு, கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். பிறகு பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் நல்ல கடல் காற்று. கொஞ்ச தூரம் போனதும் பக்கத்து சீட்டு அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார், நான் எழுந்து நின்றேன்.